மனோகரன் சாருக்கு நான் சொல்லாத நன்றி

மனோகரன் சார் போய்விட்டார். நேற்று சாயங்காலம். ஹார்ட் அட்டாக்.

காலையிலிருந்து என் டைம்லைன் முழுக்க அவர் படம்தான். "ஏழைகளின் தோழர்", "கேஜிஎஃப்பின் மனசாட்சி"... எனக்கு லைக் போடக் கை வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், நந்திதுர்க் பக்கம் டி-அடிக்‌ஷன் சென்டர் நடத்தியவர். என் வீட்டுக்காரர் அங்கேதான் குடியை விட்டார். கூடவே போய்ப்போய் நான் அங்கே வாலண்டியர் ஆனேன்.

குடிக்கிறவர்களின் மனைவிகளுக்கு வாராவாரம் ஒரு குரூப் கவுன்சலிங் நடக்கும். அதை நடத்த எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இதை மறைக்க மாட்டேன்.

நான் நடத்திய முதல் குரூப்... எட்டுப் பெண்கள். நாற்பது நிமிடம் நானே பேசினேன். பொறுமை, சத்தான சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, எல்லாம். சார் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் சொன்னார்: "இன்னாமா, ரேடியோ நியூஸா வாசிச்ச? அவங்க பேசத்தான் வந்தாங்க. நீ கேக்கத்தான் வந்த."

இன்னொரு நாள் ஒரு பெண் அழுதார். நான் பாய்ந்து போய்க் கர்ச்சீப்பை நீட்டினேன்.

"கர்ச்சீப் குடுத்தா 'போதும் நிறுத்து'ன்னு அர்த்தம்மா. அழ வுடு. கூட ஒக்காரு. அவ்ளோதான்."

இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

ஒருவர் மனதைத் திறந்து பேசி முடித்தால், அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். அதுவும் சார் சொல்லித் தந்ததுதான். 'ஏன்தான் சொன்னோமோ' என்று பேசியவர் வீட்டுக்குப் போய் நினைக்கக் கூடாதாம்.

முதல் ரூலை மட்டும் ஒவ்வொரு வாரமும் அவரே வந்து சொல்வார். "இங்க பேசறது இங்கயே இருக்கும். எம் பொண்டாட்டிக்குக் கூட தெரியாது."

அதை நம்பித்தான் சாந்தி பேசினாள். (பெயர் மாற்றியிருக்கிறேன்.) புருஷனைப் பற்றி... ஒரு நாள் தன் மனதில் ஓடிய ஒரு எண்ணத்தைப் பற்றி. என்ன எண்ணம் என்று இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த மாதம் பங்காருபேட்டையில் ஒரு விழா. சாருக்குச் சால்வை போட்டார்கள். சார் மைக்கைப் பிடித்து, சாந்தி சொன்னதை அப்படியே கதையாகச் சொன்னார்.

"நம்ம நந்திதுர்க்லயே ஒரு தங்கச்சி... ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. டெய்லி ட்ரெயின்ல பெங்களூரு போயி வூட்டு வேலை செய்றவங்க..."

ஒரே கைதட்டல்.

கூட்டத்தில் சாந்தியின் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலமே அவளை வீட்டை விட்டுத் துரத்தினார்கள். தெருவே நின்று பார்த்தது. இரண்டு பெண்பிள்ளைகளையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைத் திரும்ப வாங்க சாந்தி இரண்டு வருடம் கோலார் கோர்ட்டுக்கு அலைந்தாள்.

மறுநாள் நான் போய் சாரைக் கேட்டேன். சால்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நா பேரு சொல்லலியேமா. நல்ல காரியத்துக்குத்தான சொன்னன்? நாலு பேருக்குப் புரியணும்ல?"

"புரிஞ்சிச்சு சார். அவ கொழுந்தனுக்கு நல்லாவே புரிஞ்சிச்சு."

அந்த வாரக் குரூப்பில், அவரை எதிரில் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து புத்த விஹாரின் பின்பக்க ஹாலில் எங்கள் குரூப். சென்டரின் பெண்கள் குரூப்புக்கு அதற்கப்புறம் ஒருத்தி கூடப் போகவில்லை. நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், அவரிடம் வாயைத் திறக்காதீர்கள் என்று. "சார் பாவம்டி" என்றவர்களிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து அவரே விஹாருக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சாந்தியும் அன்று இருந்தாள்.

ஒரு சேரை இழுத்துப் போட்டேன். "மன்னிப்பு அப்பறம் சார். மொதல்ல நீங்க யார்கிட்டயும் சொல்லாத ஒண்ண இங்க சொல்லுங்க."

சேரின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். சொல்லி முடித்து உடம்பு குலுங்க அழுதார். யாரும் கர்ச்சீப் நீட்டவில்லை.

அழுது முடித்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்குத் தெரியும். அவர் பெயர்... ஒரு நன்றி. அவ்வளவுதான்.

நான் வாட்சைப் பார்த்தேன். "டைம் ஆயிச்சு. அடுத்த வாரம் பாக்கலாங்க்கா" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

குரூப் நடத்துகிற யாரும் செய்யக் கூடாத காரியம். தெரிந்துதான் செய்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றும் வருத்தமில்லை.

அதற்கப்புறம் அவர் எந்தக் குரூப்பையும் நடத்தவில்லை. ஸ்டேஷனில் என்னைப் பார்த்தால் வேறு பெட்டிக்குப் போய்விடுவார்.

இன்று காலை சாந்திக்கு போன் செய்தேன். இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுக்கா. எம் பேரு மட்டும் வாணாம்." பிறகு கேட்டாள்: "அன்னிக்கு அவுரு சொன்னதையும் எழுதப் போறியா?"

டைப் செய்து பார்த்தேன். நாலே வரி. அதைப் போட்டால், காலையிலிருந்து படம் போட்டவர்களில் பாதிப் பேர் போஸ்ட்டை டெலீட் செய்துவிடுவார்கள்.

அரை மணி நேரம் அந்த நாலு வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அழித்துவிட்டேன். அவருக்காக இல்லை. கமெண்டில் கேட்காதீர்கள், இன்பாக்ஸுக்கும் வராதீர்கள்.

அடக்கம் இன்று மூன்று மணிக்காம். எங்கள் குரூப்பும் இன்று மூன்று மணிக்குத்தான். தள்ளி வைக்கவில்லை.

போங்க சார்.