படத்துக்குள் இருந்த தெரு

ஆஸ்திரேலியாவின் வயாலா நகரப் பஸ் டிப்போவில் என் எதிர் மேஜை நோலீனுடையது. எந்த வண்டிக்கு எந்த ஓட்டுநர் என்று முறை போடுவது அவள் வேலை. மாலை வகுப்பில் கணினி நிரல் எழுதவும் கற்றிருந்தாள்.

அவள் தங்கை ஜோடி, கணவன் கிரெய்க்கின் அடி தாங்காமல் இரண்டு பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போயிருந்தாள். அவன் அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றத் தடை இருந்தது. எந்த ஊர் என்பது நோலீனுக்கு மட்டும் தெரியும். முதியோர் இல்லத்தில் இருந்த அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அம்மாவோ பேரப்பிள்ளைகளின் படம் கேட்டு நச்சரித்தாள். கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கும். அதனால், தான் படங்களைச் சேர்த்து வைக்கும் இலவச மென்பொருளுக்கு நோலீன் ஒரு செருகுநிரல், அதாவது கூடுதலாக இணைக்கும் சிறு நிரல், எழுதினாள். படத்தை வெளியே அனுப்பும்போது அது இடக்குறிப்பை அழித்துவிடும். சோதித்துப் பார்த்துவிட்டு, ஜோடி தந்திருந்த பிள்ளைகளின் படங்களை ஞாயிறன்று அம்மாவின் டேப்லெட்டுக்கு அனுப்பினாள்.

அந்த மென்பொருளில் யார் வேண்டுமானாலும் புதிதாக எழுதிச் சேர்க்கலாம். ஜோடியைப் போல ஒளிந்து வாழ்பவர்களுக்கு உதவட்டும் என்று செருகுநிரலைப் பொதுவில் சேர்க்க அனுப்பினாள். அதைச் சரிபார்த்தவள் பின்லாந்துக்காரி ஐனோ. ஏற்கெனவே இரண்டு முறை குறை சொல்லித் திருப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம், சாண்ட்விச்சைக் கடித்தபடி நோலீன் சீறினாள். "திரும்ப ஆரம்பிச்சுட்டா பாரு! இவளுக்கு வேற பொழப்பே கிடையாதா?"

"இப்ப என்னவாம்?"

"சில போன்ல படத்துக்குள்ளயே ரெண்டு மூணு நொடி வீடியோவும் பதிஞ்சிருக்குமாம். அதுல இடம் இருக்கான்னு பாத்தியான்னு கேக்குறா."

முணுமுணுத்துக்கொண்டே, அம்மாவுக்கு அனுப்பிய படம் ஒன்றைத் திறந்து துழாவினாள். அவள் மெல்லுவது நின்றது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். படத்தில் இடக்குறிப்பு இல்லை. உள்ளே மறைந்திருந்த வீடியோவில் இருந்தது. வரைபடத்தில் இட்டதும் ஜோடியின் தெருவும் வீட்டுக் கூரையும் திரையில் வந்து நின்றன.

"அம்மாகிட்டதானே இருக்கு?" என்றேன்.

நோலீன் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவை அழைத்தாள்.

"கிரெய்க் வந்திருந்தான்டி, புதன்கிழமை," என்றாள் அம்மா. "எனக்குப் புடிச்ச லாமிங்டன் கேக் வாங்கிட்டு வந்தான். பிள்ளைங்களைப் பாக்காம ஏங்கிப் போயிருக்கான், பாவம். படத்தையெல்லாம் பென்டிரைவ்ல ஏத்திக்கிட்டான்."

"அம்மா! அவன் அவளை அடிச்சது உனக்குத் தெரியாதா?"

"அதுக்காக... பெத்தவன் இல்லையா?"

நோலீன் தொடர்பைத் துண்டித்துவிட்டு ஜோடியை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பிறகுதான் குரல் வந்தது. "வேலையில இருக்கேன். என்ன?"

"இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போ. பிள்ளைங்களைக் கூட்டிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன் போயிடு. வீட்டுப் பக்கம் போகாதே."

"ஏன்?"

"நான் அனுப்பின படத்துல உன் வீடு இருக்கு. அழிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன், அழியல. படம் கிரெய்க் கையில இருக்கு. ரெண்டு நாளாச்சு."

"உன்னை நம்பித்தானேடி குடுத்தேன்," என்று சொல்லி ஜோடி வைத்துவிட்டாள்.

நோலீன் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குச் சொன்னாள். அன்றைய முறைப் பட்டியலை நான் போட்டேன். அவள் கைபேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர்கள் வந்து எதையோ கேட்டார்கள். அவள் காதில் விழவே இல்லை. நான்கு மணிக்கு மேல் ஜோடியிடமிருந்து செய்தி வந்தது: மூவரும் ஸ்டேஷனில் இருக்கிறோம். பொழுது சாய்கையில் போலீஸ் அழைத்தது. ஜோடியின் தெருமுனையில் பின்புறம் திறந்த சரக்குத்தட்டுள்ள வெள்ளை யூட் வண்டி ஒன்று நின்றிருந்தது. உள்ளே கிரெய்க். தடையை மீறியதற்காக அவனைக் கைது செய்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் நோலீன் கைபேசியைக் கீழே வைத்தாள்.

ஜோடி அந்த வீட்டை விட்டுவிட்டாள். பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கூடம் மாறினார்கள். புது ஊர் எது என்று நோலீனிடம் அவள் சொல்லவில்லை, நோலீனும் கேட்கவில்லை.

நிரலைத் திருத்தியபோது, பெயர்களைத் தவிர்த்து, நடந்ததை அப்படியே எழுதி ஐனோவுக்கு அனுப்பினாள். ஐனோ முதலில் தங்கை நலமா என்றுதான் கேட்டாள். பிறகு அன்றைக்கே முழுவதையும் சோதித்து ஏற்றுக்கொண்டாள். செருகுநிரலோடு நோலீன் எழுதியிருந்த விளக்கக் குறிப்பின் முதல் வரியை மட்டும் எடுக்கச் சொன்னாள், படிப்பவர்கள் பயந்துவிடுவார்கள் என்று.

'இதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அனுப்புமுன் நீங்களே திறந்து பாருங்கள்' என்பதுதான் அந்த வரி.

"பயப்படட்டும்," என்றாள் நோலீன். அதை அவள் எடுக்கவில்லை.