மொட்டை மாடியில் அக்காவின் முதல் நாள்

அந்த நீல வாளி படியேறி மொட்டை மாடிக்குள் நுழைந்ததுமே வலது மூலையில் தெரியும். புதிதாக வருகிறவர்கள் வாந்தியெடுப்பதற்காக வைத்தது. யாராவது அதை நோக்கி ஓடினால் கோச் விசிலடிப்பார். நாங்கள் கை தட்டுவோம். தகரக் கூரைக்கடியில் விரித்திருந்த ரப்பர் பாய்களில் முப்பது பேருடைய வியர்வை ஊறிக் காயாமல் கிடக்கும். கையூன்றிக் குனிந்தால் ஈரச் செருப்பும் புளித்த மோரும் கலந்த வாடை மூக்கில் ஏறும். அதில்தான் முகம் படப் படுத்து, எழுந்து, குதித்து, மறுபடி படுப்போம். அன்று அதை வீரம் என்று நம்பினேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. வேலூரிலிருந்து வந்து மூன்று வருடங்களாக ஈஜிபுராவில் தோழிகளோடு வாடகைக்கு இருந்தேன்; ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மொட்டை மாடியில் நடந்த காலை ஆறு மணி உடற்பயிற்சி வகுப்பில் ஒரு மாதம் தாக்குப்பிடித்ததும் என்னைப் பழைய ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய ஆட்கள் ஆளுக்கொருவரை அழைத்து வரவேண்டும் என்றார் கோச். நான் அக்காவை அழைத்தேன்.

அக்கா எங்கள் அலுவலகத்தில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அவசரத்தில் எது முதலில் வருகிறதோ அது. நான் சாப்பாடு கொண்டுவராத நாட்களில் தன் டப்பாவில் பாதியை என் பக்கம் தள்ளுவார். "ஃபர்ஸ்ட் டே எப்படிம்மா இருக்கும்? எனக்கு பஸ் பின்னாடி ஓடிக்கூடப் பழக்கமில்ல" என்று கேட்டார். "ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்ளோதான்" என்றேன்.

கோச் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வயதையோ, உடம்புக்கு ஏதாவது உண்டா என்பதையோ கேட்காமல் நேராக வரிசையில் நிறுத்தினார். உட்கார்ந்து எழுவது, தண்டால், குதிப்பது என்று எல்லாம் எங்களோடு எங்கள் வேகத்தில். பத்து நிமிடத்தில் அக்கா நின்றுவிட்டு, "சாக்கு சார், சாக்கு" என்றார். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். பக்கத்திலிருந்த நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "சாக்குப்போக்கெல்லாம் இங்க செல்லாதுக்கா!" என்று கத்தினேன். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் அசட்டுச் சிரிப்புடன் மறுபடி குனிந்தார். சிறிது நேரம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சாக்கும்மா" என்றார். நான் கை தட்டினேன். நான் அழைத்து வந்த ஆள் பாதியில் நின்றால் எனக்கல்லவா கேவலம்? வரிசை முழுவதும் தட்டியது. கடைசியில் அவர் வாளியை நோக்கி ஓடியபோதும் தட்டினோம்.

மூன்றாம் நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. ஃபோன் செய்தேன்; கணவர் எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லையாம். சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போயிருக்கிறது. நான் அங்கே போனபோது, தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று தெரிந்துகொண்டு, "புதுசா வர்றவங்களை இன்னும் கொஞ்சம் முடியும்ங்கிறப்பவே வீட்டுக்கு அனுப்பணும். அதுகூடத் தெரியாம என்ன கிளாஸ் நடத்துறீங்க?" என்று கடிந்துகொண்டார்.

கையில் சலைன் ஊசியோடு படுத்திருந்த அக்கா மெதுவாகக் கேட்டார்: "நான் சாக்குன்னது உனக்குப் புரியலையாம்மா?"

"தமிழ் சாக்குன்னு நெனச்சிட்டேன்க்கா."

மூன்று வருடங்களாக மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் தினமும் நான் சொல்லும் வார்த்தை அது. அக்கா "சரிம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிறுநீரகம் தப்பியது. கோச்சிடம் சொன்னபோது, "வீக் பாடி. அடுத்து யாரைக் கூட்டிட்டு வர்றீங்க?" என்று சிரித்தார். அவருடைய பற்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அன்றோடு நின்றுவிட்டேன். ஆனால் அருவருப்பு அந்த மாடியோடு நிற்கவில்லை. என் கைகளைப் பார்க்கும்போதும் வந்தது. வேறு நிறுவனத்துக்கு மாறினேன். அக்காவிடம் உண்மையைச் சொல்லவே இல்லை.

இப்போது தெருவுக்குத் தெரு இப்படிப்பட்ட வகுப்புகள். முதல் நாள் எப்படி இருக்கும் என்று அலுவலகத்துப் பிள்ளைகள் கேட்டால், வலிக்கும், மூச்சு வாங்கும், அது சகஜம் என்கிறேன். நிறுத்துகிறேன் என்று சொன்னதும் நிறுத்த விடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள், விடாவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிடுங்கள் என்கிறேன். நல்ல பயிற்சியாளர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்த வாடை வந்தால் மட்டும் நான் உள்ளே நுழைவதில்லை.

போன மாதம் மல்லேஸ்வரத்தில் அக்காவைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியும் விறுவிறுவென்று நடந்து வந்தார். ஓட்டலில் நின்றபடி காபி குடிக்கும்போது சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு எனக்குப் புரிஞ்சுதுக்கா. ரெண்டு தடவையும்."

அக்கா தன் காபியை ஊதினார்.

"தெரியும்மா. ரெண்டாவது தடவை உன் மூஞ்சியப் பாத்துட்டுதானே சொன்னேன். குடி, ஆறிப்போவுது."