துருத்தி போட்ட வண்டி

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து என் ஆபீஸுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பஸ். அந்த நாளில் டில்லி பஸ்ஸில் ஏறிய எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், கையில் சேஃப்டி பின் எதற்கு என்று சொல்வாள். இன்னொன்று, என் கணவருடைய மோட்டார் சைக்கிளின் பின் சீட். கல்யாணமான மாதமே பஸ்ஸுக்குத் தலைமுழுகியவள் நான். அதனால் எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பரில் அவர் வண்டியை விற்கப்போவதாகச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய்களில் டில்லிப் புழுதி ஒட்டும். குழாய் மேலும் கீழும் போய்வரும்போது அந்தப் புழுதி, உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ‘ஆயில் சீல்’ என்ற ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். எண்ணெய் ஒழுகி அவர் பேன்ட்டில் புள்ளி வைக்கும். அந்த வருஷம் மட்டும் மூன்று தடவை சீல் மாற்றியாயிற்று. மாடி வீட்டுக்காரர் வேறு, வண்டியை எப்போது கொடுக்கிறீர்கள் என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய காலத்து வண்டிகளில் அந்தக் குழாய்களுக்கு மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கரோல் பாக் சந்துகளில் அலைந்து ஒரு ஜோடி வாங்கி வந்தேன். என்ன, வண்டிக்கு ஆர்மோனியத் துருத்தி மாட்டப்போகிறாயா, ஆபீஸில் சிரிப்பார்கள் என்றார் அவர். சிரிக்கட்டும் என்றேன். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். வரும் கோடைப் புழுதியில் ஒரு சொட்டு ஒழுகினாலும் வண்டி மாடி வீட்டுக்காரருக்கு.

நான்காவது சீல் மாற்ற வந்த சர்தார்ஜி மெக்கானிக், எங்கள் வீட்டு வாசலிலேயே ஃபோர்க்கைக் கழற்றினார். குளிரில் ரப்பர் விறைத்துக் கிடந்தது, ஏறவே மாட்டேன் என்றது. தடவிக்கொள்ளக் கொஞ்சம் கடுகெண்ணெய் கேட்டார். கடுகெண்ணெயா, எங்கள் வீட்டிலா? தேங்காய் எண்ணெய்க்கு மிஞ்சிய எண்ணெய் உலகத்திலேயே இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் அவருக்குப் பாடம் எடுத்தேன். பாட்டிலில் உறைந்திருந்ததைக் கரண்டியில் உருக்கிக் கொண்டுவந்து தாராளமாக ஊற்றினேன். உறைகள் வழுக்கிக்கொண்டு ஏறின. இரண்டு முனைகளிலும் கிளிப் போட்டு முறுக்கினார். உறையின் அடியில் இருந்த சின்னத் துளைகளைக் காட்டி, காற்று போய்வர இதுதான் வழி என்றார்.

மறுநாள் காலை ஒரே பனிமூட்டம். லோதி ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் முன்பக்கம் முரண்டு பிடித்தது. உறைகள் பூரி மாதிரி உப்பின. அவர் பிரேக் போட்டதும் ஒன்று ‘டப்’பென்று கிளிப்பிலிருந்து பிய்த்துக்கொண்டது.

அவர் ஓரமாக நிறுத்தினார். “போதும்மா. இன்னிக்கே மாடி வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடறேன்.”

புடவையைச் சுருட்டிக்கொண்டு ரோட்டிலேயே குந்திப் பார்த்தேன். அடியிலிருந்த துளைகள் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. அந்த வெள்ளையை எனக்குத் தெரியாதா? குளிர்காலம் பூராவும், தலை வாருவதற்கு முன்னால் பாட்டிலை வெயிலில் வைத்து நான் இளக்குகிற அதே வெள்ளைதான். காற்று வெளியே போக வழியில்லாமல் உறைகள் உப்பியிருக்கின்றன. கடுகெண்ணெய் இப்படி உறைந்திருக்காது. சர்தார்ஜியிடம் இதை நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எதிரில் டீக்கடை. பையா, கரம் பானி என்று ஒரு கெட்டில் வெந்நீர் வாங்கி வந்து உறைகளின் மேல் ஊற்றினேன். வெள்ளை இளகிச் சொட்டியது. முந்தானையில் குத்தியிருந்த சேஃப்டி பின்னை எடுத்துத் துளைகளைக் குடைந்தேன். பஸ்ஸில் எத்தனையோ பேரைக் குத்திய அந்த சேஃப்டி பின் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்றுதான். அவர் ஹேண்டில்பாரை அழுத்தினார். துளைகள் புஸ்ஸென்று மூச்சு விட்டன, ஃபோர்க் இறங்கி ஏறியது. பிய்ந்த முனையை மாட்டிக் கிளிப்பை முறுக்கியபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலைக்குத் தடவுகிறதை வண்டிக்கும் தடவினாயா என்று ஆபீஸ் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

மே மாதம் ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடித்தது. வானமே பழுப்பாகிவிட்டது, வீட்டுக்குள் சோற்றில்கூட மண். மறுநாள் சாயங்காலம் மாடி வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளிப்பைத் தளர்த்தி உறையைக் கீழே இறக்கினேன். குழாயில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஒரு துளி மண் இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

அப்போதும் அந்த மனிதர் விடவில்லை. வண்டியை எப்போது கொடுக்கிறீர்கள் என்று என் கணவரைக் கேட்டார்.

“என்னை ஏன் சார் கேக்கறீங்க? வண்டி அவளோடது.”

மாடி வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “குடுக்கறதா இல்ல சார்,” என்றேன். “ரப்பர் எந்தக் கடையில வாங்கினேன்னு வேணும்னா சொல்றேன்.”

மறுநாள் காலை பஸ் ஸ்டாப் வந்ததும் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். அங்கே நிற்கிற அத்தனை பேரும் என் துருத்தியை நன்றாகப் பார்க்கட்டும் என்று.