அலெக்ஸாண்டரின் ஜெனீவா மனு

அலெக்ஸாண்டருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. மிசிசாகாவில் ஒரு ஹொட்டேல் சலவையறையில் பன்னிரண்டு வருடங்களாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறார். யார் லீவு கேட்டாலும் அவர்களுடைய வேலைக்கும் அவரே நிற்பார். அப்படிப்பட்ட மனிதரின் அகதிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமை விமானம் ஏறச் சொல்லிக் கனடா கடிதம் அனுப்பியது. வெட்கத்தில் அவர் அதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. "ஒருக்கா யாழ்ப்பாணம் போட்டு வாறன்," என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவுதான், ஊரிலுள்ள சொந்தங்களுக்குக் கொடுத்துவிட ஸ்காபரோத் தமிழர் எல்லாரும் பொதியோடு வந்து இறங்கினார்கள். சொக்லேட், விற்றமின் போத்தல்கள், பெட்டி பிரிக்காத ரைஸ் குக்கர். கமலாம்பிகை அன்ரி தன் தங்கையின் முழங்காலுக்கு மூன்று ரியூப் களிம்பு கொண்டுவந்தார். எல்லாவற்றையும் சிரித்தபடி வாங்கினார் அலெக்ஸாண்டர். ஆனால் கொழும்பில் இறங்கியதும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

வழக்கறிஞர் துர்க்கா ஜெனீவாவுக்கு மனு அனுப்பியிருந்தார். முறைப்பாட்டை விசாரித்து முடிக்கும்வரை இவரை அனுப்ப வேண்டாம் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு செவ்வாயன்று கனடாவைக் கேட்டது.

"ஐ.நா. மனித உரிமை ஒப்பந்தத்திலை கனடா கையெழுத்து வைச்சதுதான் அண்ணை. எண்டாலும் நிப்பாட்டுவினமோ எண்டு சொல்லேலாது," என்றார் துர்க்கா.

வெள்ளி பகல்வரை பதில் இல்லை. பொதிகள் அடைத்த மூன்று பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மனைவி தவமணி 401 நெடுஞ்சாலையில் விமான நிலையத்துக்குக் கார் ஓட்டினார். பாதி வழியில் போன் அடித்தது.

"அண்ணை, திரும்புங்கோ! நிப்பாட்டிப்போட்டினம்!" துர்க்கா கத்தினார். "ஐ.நா. கேட்டது தங்களைக் கட்டுப்படுத்தாதெண்டு கனடா சொல்லுது. ஆனா இந்தமுறை அனுப்பேல்லையாம்!"

"செய்யமாட்டம் எண்டு சொல்லிச் சொல்லியே செய்யினமோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை! விசாரணை முடிய மூண்டு வருசமும் போகும்!"

அலெக்ஸாண்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தவமணியும் சிரித்த சிரிப்பில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கித் திரும்பவேண்டிய எக்சிற்றைத் தவறவிட்டார், அடுத்ததையும் தவறவிட்டார். கமலாம்பிகை அன்ரிக்குப் போன் எடுத்து, முதன்முறையாக முழு உண்மையையும் சொன்னார் அலெக்ஸாண்டர்.

"ஐயோ தம்பி, இதையேன் ஒளிச்சனீர்?" அன்ரி அழுதார். மூக்கைச் சிந்தினார். "அப்ப என்ர களிம்பு?"

கார் மறுபடி சிரிப்பில் அதிர்ந்தது. சிரித்து ஓய்ந்தபின் அலெக்ஸாண்டர் மூன்று வருடத்தை நினைத்துப் பார்த்தார். எந்த நேரமும் போகச் சொல்வார்கள் என்று இத்தனை காலமும் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தவர்கள் அவர்கள்.

"இஞ்சரும், ஒரு கட்டில் வாங்குவமே?" என்றார். "நல்ல பாரமான மரக்கட்டில். லேசிலை தூக்கேலாததாப் பாத்து."

தவமணி காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார்.