உறை பிரிக்காத பவர் மெஷின்கள்

உடையார்பாளையம் பக்கம் ஒரு திறன் பயிற்சி மையத்தில் தையல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள், வகுப்பில் கரண்டில் ஓடும் ஆறு புது பவர் மெஷின்களைப் பார்த்தேன். அரசு நிதியில் வந்தவை. ஆறும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. பிள்ளைகள் காலை ஆட்டி ஓட்டும் பழைய பெடல் மெஷின்களில் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மையப் பொறுப்பாளரிடம் காரணம் கேட்டேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் வர்றப்ப புதுசா இருக்கணும்மா. கெட்டுப்போச்சுன்னா அடுத்த தவணை நிதி நின்னுடும். எதுல தச்சாலும் தையல்தானே?"

சரி என்று வகுப்புக்குத் திரும்பினேன். ஒரு வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறேன், முதல் நாளே வம்பு எதற்கு என்றிருந்தது. திரும்பும் பஸ்ஸில், கேட்டதே தப்போ என்றும் தோன்றியது.

சில மாதம் கழித்து, மீன்சுருட்டியிலிருந்து வகுப்புக்கு வரும் செல்வி பெரம்பலூர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு, வேலைக்கான டெஸ்ட்டுக்குப் போனாள். மத்தியானமே திரும்பிவிட்டாள்.

"பழக்க தோஷத்துல காலை ஆட்டிட்டேன்க்கா. பவர் மெஷின்ல குதிகாலை அழுத்துனா நூலை கட் பண்ணிடுது. நான் ஆட்ட ஆட்ட அது வெட்டிக்கிட்டே இருக்கு. சூப்பர்வைசர் வந்து, 'ஏம்மா, தைக்க வந்தியா, சைக்கிள் ஓட்ட வந்தியா'ங்கறாரு!"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். "அடுத்த மாசம் இன்னொரு தடவ வரச் சொன்னாங்க. அதுலயும் விட்டா, அம்மாகூட முந்திரிக் கொட்டை உடைக்கத்தான் போகணும்" என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் பொறுப்பாளர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன்.

"ஒண்ணை மட்டும் பிரிச்சுக்கறேன் சார். கெட்டா நான் பொறுப்பு."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணுதான். அதுவும் ஓரத்துல இருக்கறது."

அந்த ஒன்றில் எல்லாரும் முறை வைத்துப் பழகினார்கள். காலை ஆட்டும் பழக்கம்தான் போகவே இல்லை. வீட்டில் மகனை மடியில் போட்டுத் தூங்க வைக்கையில் எனக்கு ஒரு வழி தோன்றியது. "மடியில கொழந்தை தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டு தைங்கடி. கால் ஆடுச்சுன்னா முழிச்சுக்கும்" என்றேன். நூல் வெட்டுப்பட்டால் போதும், "அக்கா, செல்வி புள்ள அழுவுது!" என்று பக்கத்தில் இருப்பவள் கத்துவாள். நாலு நாளில் கால்கள் அடங்கின.

செல்வியின் டெஸ்ட்டுக்கு முந்தைய வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதிகாரி அம்மா நேரே ஓர மெஷினிடம் போனார். எண்ணெய்க் கறை, நூல் பிசிறு.

"இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். "பிள்ளைங்க இதுலதான் கத்துக்கறாங்க மேடம்" என்றேன்.

"அப்ப மத்த அஞ்சும்?"

பின்னாலிருந்து செல்வி சொன்னாள்: "அதெல்லாம் நீங்க வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்குதுங்க மேடம்."

எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "நான்தான் வந்துட்டேனே, பிரிங்க சார்!"

பொறுப்பாளரே கத்தரி எடுத்து வந்தார். நிதியும் நிற்கவில்லை.

அடுத்த வாரம் செல்வியின் போன். பஸ் இரைச்சலுக்கு நடுவே, "எடுத்துக்கிட்டாங்கக்கா! ஒரு தடவகூட நூல் வெட்டல!" என்று கத்தினாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அரசு பணத்தில் வந்த மெஷின் தேயட்டும், கறைபடட்டும். பளபளவென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.