மஞ்சளில் வரைந்த மரமேடை

மழை தூறத் தொடங்கினால் இந்த ஊரில் நாலைந்து வளர்ந்த ஆண்கள் ஓடிப்போய் ஒரு மண்மேட்டுக்குப் படங்கு விரிக்கிறார்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே வரும் மேடு, அவ்வளவுதான். அவர்கள் நனைகிறார்கள், அவர்களுடைய சைக்கிள்கள் நனைகின்றன, பின்னால் நிற்கும் மரமேடையின் கூரை ஒழுகுகிறது. அந்த மண் மட்டும் நனையக்கூடாது. முதல்நாள் அளவெடுக்கப் போனபோது எனக்கு இது தெரியாது. அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் சுமந்தபடி மைதானத்தின் குறுக்கே நேராக நடந்தேன். "ஹால்ட்!" என்று ஒரு குரல் கத்தியது. நின்றேன். ஒரு காலத்தில் அந்தமாதிரிக் குரல் கேட்டால் என் கை தானாக அடையாள அட்டையைத் தேடும். அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. குரலுக்குரியவர் கிட்ட வந்து, "மன்னியுங்கள், பந்து எறிபவர் அதில்தான் நிற்பார். மிதிக்கக்கூடாது" என்றார். "மண்தானே?" என்று கேட்டேன். "ஆம், மண்தான்" என்றார், நான் அதைப் புகழ்ந்துவிட்டதைப்போல முகம் மலர்ந்து. அவர் பெயர் ஊவே. அந்த பேஸ்போல் மைதானத்தைப் பராமரிப்பவர்.

தென் ஜேர்மனியின் நடுத்தர நகரம் ஒன்றில் கட்டடப் பொறியியலாளர்களின் சிறிய அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. நகரத்தின் ஓரத்தில் அமெரிக்க இராணுவம் நெடுங்காலம் முகாமிட்டிருந்தது. அவர்கள் போய்விட்டார்கள். நிலத்தைத் திரும்பப் பெற்ற நகரசபை அங்கே குடியிருப்புகள் கட்டுகிறது. மூலையில் சிப்பாய்கள் தங்களுக்காகக் கட்டிய மைதானமும், ஆட்டம் பார்ப்பவர்கள் உட்காரக் கூரைபோட்ட மரப்படி மேடையும் மிச்சம். உள்ளூர்க் கழகம் ஒன்று அதில் விளையாடுகிறது. மேடையை வைத்திருப்பதா இடிப்பதா என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் என் அம்மா இந்த நகரத்தின் முதியோர் இல்லத்தில் இறந்துபோனார். அதற்குப்பிறகு நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், தூங்கினேன். யாராவது சுகம் கேட்டால் சுகம் என்றேன். பொய்யில்லை. எங்கும் வலிக்கவில்லை. பல் பிடுங்கமுன் ஊசி போட்ட கன்னத்தை விரலால் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது எல்லாம்.

அளவெடுக்கும் நாட்களில் ஊவே என் பின்னாலேயே வந்து கதை சொன்னார். சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று சிப்பாய்களிடம் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டவர். அமெரிக்காவில் இந்த மைதானங்கள் எப்படித் தோன்றின என்பது அவருக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் வெறும் புல்வெளிதான் இருந்ததாம். ஆட்கள் நின்றும் குதிரைவண்டிகளில் உட்கார்ந்தும் பார்த்தார்கள். கூட்டம் கூடினால் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் முண்ட முண்டக் கயிறு முன்னே நகர்ந்தது, மைதானம் சுருங்கியது. பிறகு, குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு விட்ட குளம் ஒன்றைச் சுற்றி ஒருவர் வேலி அடைத்து, கோடையில் அதில் பந்து விளையாடவிட்டு, வாசலில் கட்டணம் வாங்கினார். "முதலில் வந்தது வேலி. உட்காரும் இடமெல்லாம் பிறகுதான்" என்றார் ஊவே. வெளியே விடப்பட்டவர்கள் பலகை ஓட்டைகளாலும் பக்கத்து வீட்டுக் கூரைகளிலிருந்தும் பார்த்தார்கள்.

அதற்குப்பிறகு மரமேடைகள் வந்தன. பைன் பலகையும் தார் பூசிய கூரையும். படிகளுக்குக் கீழே கடதாசிக் குப்பை சேரும். யாரோ ஒருவர் அணைக்காத சுருட்டைக் கீழே போடுவார். எல்லாம் எரிந்துபோகும். எரிந்த இடத்திலேயே மறுபடியும் மரத்தில் கட்டினார்கள், மரம் மலிவு, சீக்கிரம் எழும்பும் என்று. சில மைதானங்கள் ஒருமுறைக்கு மேலும் எரிந்தன. கடைசியில்தான் இரும்பும் கொங்கிறீற்றும் வந்தன. வங்கிக் கட்டடங்களுக்கு வைப்பதுபோல வளைவு வாசல்கள் வைத்தார்கள். ஆனால் அதற்குள் நகரங்கள் நெருங்கிவிட்டிருந்தன. தெருக்களுக்கு நடுவே கிடைத்த துண்டு நிலத்துக்குள் மைதானத்தைத் திணிக்கவேண்டியிருந்தது. உள்ளே ஆட்டக்காரர்கள் ஓடுகிற சதுரத்துக்கு மட்டும் அங்குலக் கணக்கில் விதி. வெளி எல்லைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பக்கத்து நிலக்காரர் விற்க மறுத்தால் மதில் அந்த இடத்தில் வளைந்துவிடும். அதனால் எந்த இரண்டு மைதானமும் ஒன்றுபோல இருக்கவில்லை. இந்தச் சிப்பாய்களும் அதையேதான் செய்திருந்தார்கள். இடதுபக்கம் ரெயில் பாதை குறுக்கிட்டதால் அந்தப் பக்கம் நீளம் கட்டை. அதற்கு ஈடாக மாடிவீட்டு உயரத்துக்கு வலை வேலி. அடிப்பவர் கிழக்கைப் பார்த்து நிற்பதற்கும் காரணம் இருந்தது. பின்னேர வெயில் அவர் கண்ணில் விழாது, அவருக்குப் பின்னால் மேடையில் இருப்பவர்களுக்கு நிழல் கிடைக்கும். இதையெல்லாம் குறித்துக்கொண்டேன். சுவாரசியமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். காதில் விழுந்தது, கை வரைந்தது.

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

"வசந்தி, காணி விட்டிட்டாங்கள்."

அம்மா உட்கார்ந்திருந்த கதிரை பக்கத்தில் இருந்தது. முதியோர் இல்லத்துக்குப் போகமுன் வீட்டில் எந்த அழைப்பு வந்தாலும், தமிழோ ஜேர்மனோ, "விட்டிட்டாங்களோ?" என்றுதான் அம்மா கேட்பார். வடகரையில் எங்கள் ஊரை ஆமி உயர் பாதுகாப்பு வலயமாக்கியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஷெல் விழ விழ ஓடினோம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஊறப்போட்ட உளுந்தைக்கூட எடுக்கவில்லை. அப்பா சீமெந்துத் தொழிற்சாலையில் வேலைசெய்தவர். வேலைமுடிந்து வந்து பின்னேரங்களில் தானே சீமெந்துக் கல் அரிந்து, காயவைத்து, அறை அறையாகக் கட்டிய வீடு அது. அறைகளுக்கெல்லாம் நீலம் பூசினார். அந்த நீலம் கடையில் வாங்கியதில்லை. வெள்ளைச் சுண்ணாம்பில் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கலந்து அவரே உண்டாக்கியது. அதனால் அறைக்கு அறை கொஞ்சம் மாறியிருக்கும், என்னுடையது கடும் நீலம்.

"முழுக்க விடேல்லை. குசினி இருந்த இடம் வரைக்கும்தான் இங்கால. கிணறும் பின்வளவும் கம்பிக்கு அங்கால" என்றார் அண்ணை. "வீடு இல்லை வசந்தி. அத்திவாரமும் இல்லை. வொலிபோல் விளையாடுறதுக்குச் சீமெந்துத் தரை போட்டிருக்கிறாங்கள். பக்கத்தில அஞ்சாறு படி, ஆமிப் பெரியாக்கள் இருந்து பாக்க."

"படி எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கு?"

"என்ன?"

"கிழக்கோ, மேற்கோ?"

"மேற்கு. என்னத்துக்குக் கேக்கிறாய்?"

"பின்னேரம் கண்ணில வெயில் அடிக்கும். பிழையாக் கட்டியிருக்கிறாங்கள்."

"உனக்கென்ன விசரோ?" என்றார் அண்ணை. "அந்தப் படி எங்கட வீட்டுக் கல்லிலதான் கட்டினது. பூச்சுக் கழண்ட இடத்தில பாத்தனான். உன்ர அறை நீலம் தெரியுது. உடைக்கிறதோ விடுறதோ எண்டு சொல்லு. உன்ர பேரும் காணி உறுதியில இருக்கு. எனக்குத் தனியாச் சொல்ல ஏலாது." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை மரமேடைத் தூண்களின் அடியைச் சோதிக்கப் போனபோது நடுப்படியில் ஒரு முதிய பெண் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் யாரும் இல்லை. தலைக்கவசத்தோடு என்னைக் கண்டதும், "இன்றைக்கா இடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். "இல்லை, அளவு மட்டும்." "அப்படியென்றால் இருக்கலாம்" என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பேச்சுக் கொடுக்கவேண்டுமே என்று, யார் விளையாடுவதைப் பார்க்க வருவீர்கள் என்று கேட்டேன். "கிர்ஷன்" என்றார். கிர்ஷன் என்றால் செரிப் பழங்கள். ஏதோ ஒரு அணியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, நன்றாக விளையாடுவார்களா என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அவர் பெயர் லின்ட்னர். முகாம் வருவதற்கு முன் அந்த மூலை அவருடைய தகப்பனின் செரித் தோட்டமாக இருந்திருக்கிறது. போர் முடிந்தபின் இராணுவம் எடுத்துக்கொண்டது. நகரசபை பிறகு நட்டஈடு கொடுத்ததாம், தகப்பன் கடைசிவரை அதைப்பற்றிப் பேசவில்லையாம். சிப்பாய்கள் கோடையில் ஊராருக்கு வாசலைத் திறந்துவிட்ட நாட்களில் இவர் வந்து படியில் இருப்பார். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள், இவர் வலதுபக்க மூலையைப் பார்ப்பார். நல்ல இனிப்பு மரம் அங்கேதான் நின்றது. "எனக்கு இன்றுவரை இந்த விளையாட்டின் விதி தெரியாது. யாரும் கேட்டதில்லை" என்றார். இடித்தால் சந்தோஷப்படுவீர்களா என்று கேட்டேன். கேட்டபின்தான் அது என் வேலைக்கு வெளியேயான கேள்வி என்று தெரிந்தது.

"ஏன் சந்தோஷப்பட வேண்டும்? பிறகு நான் எங்கே உட்காருவது?" என்றார். என் முகத்தைப் பார்த்து, "உங்கள் நாட்டிலும் சிப்பாய்கள் இருந்தார்களா?" என்று கேட்டார்.

"இருந்தார்கள்."

"போய்விட்டார்களா?"

"குசினியிலிருந்து போய்விட்டார்கள்" என்றேன். என் ஜேர்மன் பிழை என்று அவர் நினைத்திருக்கவேண்டும். தலையை ஆட்டிவிட்டு மறுபடி வலதுபக்க மூலையைப் பார்த்தார்.

மேடையைக் காப்பாற்ற முடியவில்லை. தூண்கள் நிலத்துக்குள் உக்கியிருந்தன, என் முதலாளி சுத்தியலால் தட்டிய இடத்தில் மரம் புட்டுப்போல உதிர்ந்தது. இங்கே வரைபடத்தில் இருப்பதைக் கறுப்பிலும் இடிப்பதை மஞ்சளிலும் புதிதாகக் கட்டுவதைச் சிவப்பிலும் காட்டவேண்டும். மேடை முழுவதையும் மஞ்சளாக்கினேன். இரும்பில் புதிய மேடையைச் சிவப்பில் வரைந்தேன், குடியிருப்பு எல்லைக்காகக் கொஞ்சம் தள்ளி. அந்த இடத்திலிருந்து பார்த்தால் வலதுபக்க மூலை தெரியாது. அதனால் பழைய நடுப்படி இருந்த இடத்தில் உட்காருவதற்கு ஒரு இரும்பு வாங்கையும் சிவப்பில் வரைந்தேன். முதலாளி விரலை வைத்து, "இது யார் கேட்டது?" என்றார். "ஒரு குடிமகள்" என்றேன். மேலும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இடித்த நாளில் ஊவே வந்து ஒரு பக்கமாக நின்றார். கடைசியில், "எரியாமல் போனதே பெரிது" என்றார். கோடையில் ஒரு காலையில் அந்த வழியாகப் போனபோது லின்ட்னர் அம்மையார் வாங்கில் இருந்தார். வணக்கம் சொன்னேன். "இரும்பு குளிர்கிறது. மரம் நல்லது" என்று முறையிட்டார். அன்றிரவு அண்ணையை அழைத்து, உடைக்கவேண்டாம், நான் வாறன் என்றேன்.

போனேன். காணிக்குள் அண்ணை முன்னே நடந்தார், நான் பின்னே. தரையில் வெடிப்புகளுக்குள் புல் முளைத்திருந்தது. படிகளின் ஓரத்தில் பூச்சுக் கழன்ற இடத்தில் உள்ளங்கை அளவு நீலம். அதன்மேல் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அழு, அழுதால் நல்லம்" என்றார். முயன்று பார்த்தேன், வரவில்லை. கைப்பையில் இருந்த அளவுநாடாவை எடுத்துப் படிகளை அளக்கத் தொடங்கினேன். அண்ணை நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். படிகளை இப்படியே விடுவதென்றும் தரையைக் கிளப்பி அந்த இடத்தில் அவருடைய மகளுக்கு வீடு போடுவதென்றும் பேசிக்கொண்டோம். படி வளவுக்குள் என்னத்துக்கு என்று ஊரார் கேட்பார்கள் என்றார். "இருக்கிறதுக்கு எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

கம்பிவேலிக்கு அப்பால் ஆமிப் பொடியன்கள் புதிதாக ஒரு வலை கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சத்தமும் சிரிப்பும் கேட்டன. பந்து வேலிக்கு மேலால் வந்து என் காலடியில் உருண்டு நின்றது. மீசை சரியாக முளைக்காத ஒருவன் ஓடிவந்து கம்பியைப் பிடித்தான். "அக்கா, போல்" என்றான். "மொமென்ட்" என்றேன். குனிந்து எடுக்கும்போதுதான் ஜேர்மனில் பேசிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவனும் அதைக் கவனித்துவிட்டான். என் சப்பாத்தைப் பார்த்தான், கையிலிருந்த நாடாவைப் பார்த்தான்.

"எந்த நாடு, மேடம்?" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டான்.

"ஜேர்மனி" என்றேன்.

"நல்ல நாடு" என்றான். நான் எங்கள் குசினிக்குள் நின்றபடி பந்தைக் கம்பிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லிவிட்டு எங்கள் கிணற்றடிப் பக்கமாக ஓடினான்.