தம்பி எனக்காக விட்டுவைத்த நிக்கல் பக்கம்

தம்பி மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் மூத்தவனாகிய என் வணக்கம். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். அச்சில் ஏறுவதால் 'அவர்' என்கிறேன்.

தம்பி பிறந்தது மேற்கு மாம்பலத்தில், ரயில் போனால் பரணில் பாத்திரம் ஆடுகிற ஒற்றை அறை வீட்டில். நைனா சீக்கிரம் போய்விட்டார். அப்போது எனக்குப் பதினாறு, தம்பிக்குப் பத்து. நான் ஒரு முலாம் பட்டறையில் சாமான்களைத் தேய்த்து மெருகேற்றும் வேலைக்குப் போனேன். இருபத்து மூன்று வயதில் கே.கே. நகரில் சொந்தப் பட்டறை போட்டேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் பளபளவென்று ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பாதி என் தொட்டியில் குளித்து எழுந்தவை. பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள். என்னை யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை.

தம்பி பள்ளிப் படிப்பை முடித்ததும் பட்டறைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேராக நின்றால் ஊரையே மினுக்கிவிடலாம் என்று நினைத்தேன். நிக்கல் கரைத்த பச்சைத் தண்ணீரில் சாமானை முக்கி எடுக்கும் வேலை அவருக்கு. ஒரே மாதத்தில் கை இரண்டும் சிவந்து தடித்துவிட்டன.

“அண்ணே, கை எரியுது. ராவெல்லாம் சொறிஞ்சிக்கினே கீறேன்.”

“எனக்கு எரியலியே. உனக்கு மட்டும் இன்னா, ராஜா வூட்டுக் கையா? டிமிக்கி குடுக்க ஒரு சாக்கு.”

மூன்றாம் மாதம் அவர் பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டுக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தார். ஆட்கள் எதிரிலேயே நான் அவரைத் 'தண்டம்' என்றேன். பிறகு பட்டறையில் அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. “தண்டம் இன்னாப்பா படிக்குது?” என்று மெருகு போடுகிறவன்கூடக் கேட்பான். நிக்கல் சில உடம்புக்கு ஆகாது, தள்ளி நிற்பதுதான் மருந்து என்று ஒரு தோல் டாக்டர் எனக்குச் சொன்னது இருபது வருடம் கழித்து, வேறொரு ஆளை அழைத்துப் போனபோது. அதை நான் தம்பியிடம் போய்ச் சொன்னதில்லை. இன்று நாளை என்று தள்ளினேன்.

தம்பி சாந்தோமில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு தனிமத்தையும் யார் கண்டுபிடித்தார்கள், பேர் எப்படி வந்தது என்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும் நேரம் பார்த்து, தங்கம் பண்ணப் போன ஒருவர் பானை பானையாக மூத்திரத்தைக் காய்ச்சியதில்தான் பாஸ்பரஸ் அகப்பட்டது என்று ஆரம்பிப்பார். பெண்ணின் மாமா இலையை மூடிவிட்டு எழுந்தே போனார். ஹீலியத்தைப் பூமியில் பார்ப்பதற்கு முன்பே ஒரு கிரகணத்தின்போது சூரியனில் பார்த்துவிட்டார்களாம், அதனால் கிரேக்க மொழியில் சூரியன் பேராம். அந்தக் கிரகணத்தைப் பார்த்த இடம் அன்றைக்கு நம் சென்னை ராஜதானியில் இருந்த குண்டூர் என்று சொல்லும்போது, ஏதோ தானே பக்கத்தில் நின்றது போல நெஞ்சை நிமிர்த்துவார்.

“ஆர்கான்னா சோம்பேறின்னு அர்த்தம் அண்ணே. எதோடயும் சேராது, ஒரு வேலையும் செய்யாது.”

“அப்ப உன்னப் பாத்துதான் பேரு வச்சிக்கிறான்.”

“நான் அப்ப பொறக்கல. பொறந்திருந்தா வச்சிருப்பான்.”

ஒருமுறை பட்டறைக்கே வந்தார். வழக்கம்போல வாசலைத் தாண்டாமல் நின்றுகொண்டு நிக்கல் கதையைச் சொன்னார்.

“ஜெர்மனி மலைல தோண்டறவங்களுக்கு ஒரு செவப்புக் கல்லு கெடச்சிது அண்ணே. செம்புன்னு நெனச்சிக் காய்ச்சினாங்க, செம்பு வரல. பொக பட்டு ஆளுங்களுக்கு சீக்குதான் வந்துது. பிசாசுச் செம்புன்னு திட்டினாங்க, அவங்க பாஷைல நிக்கல்னா பிசாசு. ரொம்ப நாள் கழிச்சி ஒருத்தரு அந்த மாதிரிக் கல்லுலேர்ந்து வெள்ளையா ஒரு புது உலோகத்த எடுத்தாரு. பேர மட்டும் மாத்தல. அதுல செம்ப மட்டும் வெட்டிட்டு, திட்ட அப்டியே வுட்டுட்டாரு. அதான் நிக்கல்.”

“கல்லு மேல இன்னாடா தப்பு?”

“ஒண்ணும் இல்ல. அவங்க செம்ப எதிர்பாத்தாங்க. அது செம்பு இல்ல.”

“சரி, சரக்கு ஏத்தணும், கெளம்பு” என்று அனுப்பிவிட்டேன். எனக்கு அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கதைகளை எல்லாம் எழுத உட்கார்ந்தார். “ஒரே ஒரு ஞாயித்துக்கிழம குடு அண்ணே, நிக்கலப் பத்தி உன்னக் கேக்கணும்” என்று நச்சரிப்பார். எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேலை. இதய நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதையே கேட்டார். தீபாவளி தாண்டட்டும் என்றேன். அவர் தாண்டவில்லை.

இந்த மலரோடு அந்தப் புத்தகத்தையும் போட்டுவிடலாம் என்று தம்பி மனைவி நோட்டைக் கொடுத்தார். தனிமத்துக்கு ஒரு பக்கமாக நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அச்சகத்தில் கொடுத்த இரண்டாம் நாள் போன் வந்தது, இருபத்தெட்டாம் பக்கம் காலி என்று. போய்ப் பார்த்தேன். தலைப்பு 'நிக்கல்'. அதன் கீழே ஒரே வரி: 'அண்ணன் சொல்வார்.'

“அந்தப் பிசாசுக் கதையவே போட்டுடலாமா மாமா?” என்று தம்பி மனைவி கேட்டார்.

“அவனுக்குத் தெரிஞ்ச கதைக்கு என்ன எதுக்கும்மா கூப்புட்றான்? வேற இன்னாவோ கேக்க இருந்தான்.”

“அது இன்னான்னு எங்கிட்டயும் சொல்லல மாமா. புத்தகத்துல இல்லாதது அண்ணங்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்வாரு.”

நான்கு வாரமாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். நாற்பது வருடம் நிக்கலோடு புரண்டவன், ஒரு பக்கம் நிரப்பத் தெரியவில்லை. எதை எழுதினாலும் என் பட்டறைப் பெருமையாகவே வந்து நிற்கிறது. கிழித்துக் கிழித்துப் போட்டதில் எரிச்சல்தான் மிச்சம். கேள்வி என்னவென்று ஒரு சீட்டிலாவது குறித்து வைத்திருக்கக் கூடாதா என்று செத்தவர் மேலேயே கோபம் வருகிறது. அதைவிடப் பெரிய கோபம் யார் மேல் என்று உங்களுக்கே தெரியும்.

தம்பியை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கீழ்வீட்டார், அங்கே இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்கள், பாடையைத் தோள் மாற்றாமல் சுமந்த பழைய மாணவர்கள், ஒரு பக்கத்துக்காக மொத்த வேலையையும் நிறுத்திவைத்துப் பொறுத்துக்கொண்ட அச்சகத்தார், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. புத்தகத்தின் இருபத்தெட்டாம் பக்கமாகக் கீழே உள்ளதையே அச்சிடச் சொல்லிவிட்டேன்.

நிக்கல். சாமான் மினுங்கினால் ஜனங்கள் குரோமியம் என்பார்கள். குரோமியம் மேலே மெல்லிசாக ஓடும் பூச்சுதான். அதற்கு அடியில் நிக்கல் கனமாக இருந்தால்தான் சாமான் துருப்பிடிக்காமல் நிற்கும். பேர் அதற்கு வராது. நிக்கல் தண்ணீர் சிலருக்கு ஆகாது, கை தடித்து எரியும். அப்படிப்பட்டவரைத் தொட்டியிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். பதினேழு வயதில் ஒருவர் எரிகிறது என்று கையை நீட்டிக் காட்டினார். பட்டறைக்காரன் அவரைத் தண்டம் என்றான். அவர் தண்டம் இல்லை.

தம்பி கேட்க நினைத்தது இதுதானா, தெரியாது. அண்ணன் சொன்னது இது.